நான்காவது வீல் கப்

அக்டோபர் 5, திங்கள்

பின்பக்கத்து இடது டயரில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. கடைக்குப் போகலாம் என்று கோட்டெல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், கார் முள் குத்திய மாடு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கால் பம்பை மிதித்து மிதித்து எனக்குத்தான் மூச்சு போனது. பாலும் காபித்தூளும் வாங்கி வருவதற்குள் பாதிக் காற்று போய்விட்டது.

என் வீட்டுக்காரர் ரெய்னோ இருந்திருந்தால் இந்த வாரம் பனி டயர் மாட்டியிருப்பார். அக்டோபர் முதல் வாரம் கோடை டயரைக் கழற்றிவிட்டுப் பனி டயர், ஏப்ரல் கடைசியில் மறுபடி கோடை டயர். இருபத்து மூன்று வருடமாக இந்தக் காருக்கு இதுதான் பண்டிகை. இந்த ஜூனில் அவர் போய்விட்டார். பனி டயர் நான்கும் கார் கொட்டகையின் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. யாரும் அவற்றுக்குச் சேதி சொல்லவில்லை போலிருக்கிறது.

நானே மாட்டினால் என்ன? நாற்பது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையை நகர்த்தியவள்தானே நான்? பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் சும்மாவா நின்றேன்?

அக்டோபர் 6, செவ்வாய்

முடியாது. டயரைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் சக்கரத்தை மூடியிருக்கும் வீல் கப்பைக் கழற்ற வேண்டும். அதற்குப் பூட்டு.

ரெய்னோவின் கைங்கரியம்தான் எல்லாம். டெட்ராய்டில் கார் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் ஒரு ராத்திரியில் யாரோ அப்போதைய காரின் நான்கு கப்பையும் உருவிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து மனிதருக்கு உலகத்தில் எவன் மேலும் நம்பிக்கை கிடையாது. இந்தக் காருக்கும் பூட்டு வைத்த கப் தேடிப் பிடித்து வாங்கினார். வெள்ளி நிறத்தில் கம்பி கம்பியாக, சைக்கிள் சக்கரம் மாதிரி பளபளவென்று இருக்கும். நடுவில் உள்ள வட்ட மூடியை நெம்பினால் உள்ளே ஒரு போல்ட். சாதாரண ஸ்பேனர் அதில் உட்காராது. அதற்கென்று ஒரு சாண் நீளத்தில் குழாய் மாதிரி ஒரு சாவி உண்டு, நுனியில் கோணல்மாணலாகப் பல் வெட்டியிருக்கும். வடக்கே எங்கள் சின்ன ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் பூட்டிக்கொண்டேதான் இருந்தார். இங்கே வீட்டுக் கதவையே ஒருத்தரும் பூட்டுவதில்லை! கேட்டால் சிரிப்பார்.

சாவியைக் காணோம். டிக்கி, டாஷ்போர்டு, கொட்டகை அலமாரி, சமையலறை இழுப்பறை, அவர் கோட்டுப் பை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கோட்டுப் பையில் கை விட்டிருக்கக் கூடாது. ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயும் கைக்குட்டையும் கிடைத்தன. அப்புறம் தேடவில்லை.

அக்டோபர் 9, வெள்ளி

டுவேனின் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். நாற்பது வயசாகிறது, ஆனாலும் என்னைப் பார்த்தால் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற பையன் முகம் வந்துவிடும் அவனுக்கு. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தான்.

"ஐலி அம்மா, சாவி இல்லாம இது வராது. கடப்பாரையை விட்டு நெம்பிப் பிச்சு எடுக்கவா? அஞ்சு நிமிஷ வேலை. ஆனா கப் நசுங்கிப் போயிடும்."

"நசுக்குறதுன்னா நானே நசுக்கிக்குவேனே, உன்கிட்ட எதுக்குடா வர்றேன்?"

"கோவிச்சுக்காதீங்க. ரெண்டாவது கரண்டி ஆப்பிள் கூழ் கேட்டப்பவும் இப்படித்தான் திட்டினீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். உடைக்கக் கூடாது என்று ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த நான்கு போல்ட்டையும் கடைசியாக முடுக்கியது ரெய்னோவின் கை. ஏப்ரலில் முடுக்கினார், ஜூனில் போய்விட்டார். இந்த வீட்டில் அவர் கை வைத்தது எல்லாவற்றையும் நான் துடைத்து, துவைத்து, மடித்து வைத்துவிட்டேன். அந்த நான்கைத்தான் இன்னும் யாரும் தொடவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

மில்வாக்கியிலிருந்து டேரில் போன் செய்தான். என் ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் போன், அதில் குறை சொல்ல முடியாது. டயர் விஷயத்தை வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். பிடித்துக்கொண்டான்.

"ஒரு டயரை மாத்த முடியலை. பனி விழுந்தா என்னம்மா பண்ணுவே? ஆறு மாசம் வீட்டுக்குள்ளயே கிடப்பியா? பேசாம இங்க வந்துடு."

"என் வீட்டை விட்டுட்டு உன் அபார்ட்மென்ட்ல ஜன்னலைப் பாத்துட்டு உக்காரவா?"

"அங்க மட்டும் வேற என்ன பண்றே?"

கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது? "நவம்பர்ல நன்றித் திருநாளைக்கு நீ வர்றப்ப நாலு பனி டயரும் வண்டியில இருக்கும். இல்லேன்னா பெட்டி கட்டிட்டு உன் கூடவே வந்துடறேன், போதுமா?" என்றேன். "சொன்ன சொல் மாறக் கூடாதும்மா" என்றான். வைத்துவிட்டேன்.

என்ன வாய் இது எனக்கு.

அக்டோபர் 14, புதன்

யாரும் வரவில்லை. தபால்காரரும் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 17, சனி

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், சட்டென்று ஞாபகம் வந்தது. கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்டில் தேவாலயத்தில் பழைய சாமான் விற்பனை நடந்தது. அப்போது கொட்டகைக்குள் போகவே பிடிக்கவில்லை எனக்கு. அவருடைய கருவிகளை எல்லாம் வாரி மூன்று பக்கெட்டில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அழுவேன் என்று பார்க்காமலே போட்டேன். சாவியும் அதோடு போயிருக்கும். வேறு எங்கே போகும்?

முட்டாள். முட்டாள் பொம்பளை.

அக்டோபர் 18, ஞாயிறு

பிரசங்கம் முடிந்ததும் லெம்பியைப் பிடித்தேன். விற்பனை மேசையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி.

"அடியே, அந்த மூணு பக்கெட்டா? ஆர்வோ தூக்கிட்டுப் போனான். கதவு திறக்கறதுக்கு முந்தியே வந்து நின்னான். வேற ஒருத்தரையும் கிட்ட விடலை. நீ சொல்லித்தான் வாங்கறான்னு நெனச்சேன்."

ஆர்வோ எதிர்வீட்டுக்காரர். சாலையின் அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. ரெய்னோவும் அவரும் முப்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் ஒன்றாக உட்கார்ந்து நீராவியில் வெந்தவர்கள். எங்கள் தோட்டத்துக் கோடியில் இருக்கும் சவுனாவில்தான். அந்தச் சின்ன மர அறையின் மேல்பலகை அந்த இரண்டு பேருடைய முதுகு பட்டே கறுத்துப் போயிருக்கிறது. ரெய்னோவை அடக்கம் செய்த அன்றைக்குச் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஆர்வோவும் ஒருவர். அதற்கப்புறம் என் வாசல்படி மிதிக்கவில்லை. ஒரு தடவைகூட. அவர் ஜன்னலில் விளக்கு எரிவது எனக்குத் தெரியும், என் ஜன்னலில் எரிவது அவருக்கும் தெரியும். கருவி மலிவாகக் கிடைக்கிறது என்றதும் மட்டும் விடியற்காலையில் ஓடியிருக்கிறார்.

போய்க் கேட்க மாட்டேன். தலையே போனாலும் மாட்டேன்.

அக்டோபர் 23, வெள்ளி

முதல் பனித்தூறல். தரையில் நிற்கவில்லை, ஆனாலும் விழுந்தது விழுந்ததுதான்.

ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் வைத்து நானே தட்டிப் பார்த்தேன். போல்ட் அசையவில்லை. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. கையில் ரத்தம் வருகிறது என்று சொல்வதற்கு இந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை, அதுதான். சத்தமாக அழுதேன். கேட்பதற்கு யார் இருக்கிறார்கள், வெட்கப்பட?

அக்டோபர் 27, செவ்வாய்

தலை போகவில்லை, ஆனாலும் போனேன்.

ஆர்வோ கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்து, வழி விட்டார். நடையிலேயே மூன்று பக்கெட்டும் இருந்தன. மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. நான் அனுப்பியபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு ஆணிகூட எடுக்கவில்லை.

"எதுக்கு வாங்கினீங்க?" என்றேன். குரல் சண்டைக்காரி குரலாகத்தான் வந்தது.

"பின்னே? கோடைக்கு வர்ற வெளியூர்ப் பயலுக ரெய்னோவோட சுத்தியலைத் தூக்கிட்டுப் போறதப் பாத்துட்டு நிக்கச் சொல்றியா?"

"இவ்வளவு அக்கறை இருக்கறவர் ஒரு நாள் வந்து எட்டிப் பாத்திருக்கலாமே? நான் இருக்கேனா செத்தேனான்னு?"

மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. எழுபத்தாறு வயசுக்காரர்.

"புகை வரலையே, ஐலி."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியது போல் ஆயிற்று. எங்கள் சாலையில் சனிக்கிழமை யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. சவுனாப் புகைபோக்கியில் புகை தெரிந்தால் துண்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். புகை இல்லை என்றால் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஆள் வேண்டாம் என்று அர்த்தம். சாவு விழுந்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அவர்களாக அடுப்பு மூட்டும் வரைக்கும் ஒருவரும் போகக் கூடாது. நான் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். என் அம்மா இறந்தபோது அப்பா ஐந்து வாரம் கழித்து மூட்டினார், அன்றைக்கு ஊரே வந்தது.

ஒற்றை ஆளுக்கு எதற்கு ஒரு கூடை விறகு என்று நான் மூட்டாமல் இருந்தேன். சிக்கனம்! அவர்களோ என் துக்கம் ஆறவில்லை என்று இருந்திருக்கிறார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை ஜன்னலில் நின்று பார்ப்பாராம். நானும் இந்தப் பக்கம் ஜன்னலில் நின்றுகொண்டுதானே இருந்தேன், ஒருத்தராவது வருகிறார்களா என்று!

காபி போட்டுக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு கோப்பை குடித்தேன்.

அக்டோபர் 31, சனி

மூட்டினேன். ஈர விறகு, புகை அசிங்கமாகக் கிளம்பியது. நல்லதாகப் போயிற்று.

ஆர்வோ வந்தார். லெம்பி வந்தாள், ஏலக்காய் ரொட்டியோடு. "ஏண்டி, இவ்வளவு புகையா? தீயணைப்பு வண்டிதான் வரப்போகுதுன்னு நெனச்சேன்" என்றாள். முதலில் பெண்கள், அப்புறம் ஆர்வோ. அவர் தனியாக உள்ளே இருந்தபோது ஆவி கிளம்புவதற்காகச் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. நானும் லெம்பியும் கவனிக்காதது போல ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

நவம்பர் 3, செவ்வாய்

சாவி இரண்டாவது பக்கெட்டின் அடியில் கிடைத்தது. எண்ணெய்த் துணியில் சுற்றியபடி. ரெய்னோ சுற்றியது.

ஆர்வோவும் நானும் சேர்ந்து வேலை செய்தோம். அவர் இடுப்பு சரியில்லாத ஆள், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க என் தோள் வேண்டும். நான் ஜாக்கி போட்டேன், அவர் சாவி போட்டார். முன்பக்கம் இரண்டும் சமர்த்தாகக் கழன்றன. பின்பக்கம் வலதும் கழன்றது. கப்பை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற நட்டுகள் பெரிய விஷயமே இல்லை. மூன்று பனி டயர் ஏறிவிட்டது. கழற்றிய கப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆர்வோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நான்காவது வரவில்லை. காற்று இறங்குகிற அதே சக்கரம், வேறு எது! சாவி உட்கார்ந்தது, கால் சுற்றுத் திரும்பியது, அப்புறம் கல் மாதிரி நின்றுவிட்டது. துரு இளக்கும் எண்ணெய் விட்டோம். வெந்நீர் ஊற்றினோம். சாவியில் ஒரு குழாயைச் சொருகி இரண்டு பேரும் தொங்கினோம்.

"எண்ணெய் ஊறட்டும், ஐலி. ரெய்னோவோட பிடிவாதம் இதுக்கும் வந்துடுச்சு."

நவம்பர் 10, செவ்வாய்

இன்றைக்கு மறுபடி முயன்றோம். சாவியின் பல் ஒன்று முறிந்துவிட்டது. போச்சு.

"பிச்சுடலாமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். மூன்று கழன்றாகிவிட்டது. அவர் முடுக்கினது இந்த ஒன்றுதான் பாக்கி. இதைச் சொல்லவில்லை. ஆனால் ஆர்வோ தலையாட்டினார், சொன்னது போலவே.

நவம்பர் 14, சனி

புகை போட்டேன். ஒருத்தரும் இல்லை. எப்படி வருவார்கள்? நாளைக்கு மான் வேட்டை தொடக்கம். ஆம்பளை என்று பெயர் சொல்லிக்கொள்கிற எல்லாரும் காட்டுக் குடிசைக்குப் போயாகிவிட்டது. டுவேன் பட்டறைக் கதவில் "மான் வந்தால் திரும்புவேன்" என்று அட்டை தொங்குகிறது. ஆர்வோ இடுப்புவலியோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "மாசக் கடைசியில வந்து பாத்துக்கறேன், நீ கை வெக்காதே" என்று கட்டளை வேறு. லெம்பியும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மாசக் கடைசிக்கு முன்னால் டேரில் வந்துவிடுவான் என்பது இவர்களில் யாருக்கு உறைக்கிறது?

தனியாக மேல்பலகையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஊற்ற மனசு வரவில்லை.

நவம்பர் 15, ஞாயிறு

துப்பாக்கிச் சத்தம் மட்டும்.

நவம்பர் 18, புதன்

ராத்திரி முழுக்கப் பனி கொட்டி முழங்கால் வரைக்கும் நிற்கிறது. மூன்று பனி டயர், ஒரு ஓட்டைக் கோடை டயர். இந்த வண்டியை வெளியே எடுத்தால் பள்ளத்தில்தான் நிற்கும். ரொட்டி தீர்ந்துவிட்டது. மாவு இருக்கிறது, சுட்டுக்கொள்ளலாம், பட்டினி இல்லை.

பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தேன். சும்மா துடைத்தேன். பிறகு இரண்டு ஸ்வெட்டரை உள்ளே வைத்தேன். போனால்தான் என்ன? இந்த வீட்டில் நான் யாருக்காக இருக்கிறேன்? டேரில் சொல்வது சரிதானோ? வருடத்தில் பாதி நாள் இப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு... சே. எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 20, வெள்ளி

உடைத்துவிட்டேன்.

காலையில் ஸ்வெட்டர் எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அந்த இரண்டையும் பார்த்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டில் என் ஸ்வெட்டரைப் பெட்டியில் தேடுவதா? நேரே கொட்டகைக்குப் போனேன். ஆர்வோ வைத்துவிட்டுப் போன கடப்பாரையை எடுத்துக் கப்பின் ஓரத்தில் விட்டு நெம்பினேன். முதல் நெம்பலில் பெரிய சத்தம் வந்தது. "மன்னிச்சுக்கோங்க" என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் சொல்லவில்லை. கம்பி கம்பியாக வளைந்தது, ஒவ்வொன்றாகத் தெறித்தது. வியர்த்துக் கொட்டி, கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நெம்பினேன். மத்தியானத்துக்குள் முழுசாகக் கிழிந்து வந்துவிட்டது. நடுவில் போல்ட் மட்டும், தகரத் துண்டு ஒட்டிக்கொண்டு, அப்படியே நிற்கிறது.

கோணலாக நிற்கிறது.

முதலில் நான்தான் வளைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. குனிந்து பார்த்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஜாடி மூடியைக் கோணலாக வைத்துத் திருகினால் பாதியில் கடித்துக்கொண்டு நிற்குமே, அதே மாதிரி. மரை தப்பி ஏறியிருக்கிறது. அதோடு விடாமல் பலம் போட்டு முடுக்கியதில் மரை எல்லாம் நசுங்கிப் போயிருக்கிறது. துருவே இல்லை. துருவால் சிக்கவே இல்லை அது.

ரெய்னோ மரை தப்பி முடுக்குகிற ஆள் இல்லை. பத்து வருடம் தொழிற்சாலையில் போல்ட் முடுக்கிய கை. கண்ணை மூடிக்கொண்டு முடுக்குவார்.

நட்டுகளைக் கழற்றினேன். பனி டயரை மாட்டினேன். எப்படி மாட்டினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 21, சனி

ஏப்ரல் கடைசியில் அவர் டயர் மாற்றிய அன்றைக்கு வெயில் அடித்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கடைசிச் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தார், ரொம்ப நேரம். வெயில் காய்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்ததும் "தோள் பிடிச்சுக்கிச்சு" என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அதையும் பார்த்தேனே. குளிர் என்று நினைத்தேன்.

கை நடுங்கியிருக்கு. அந்தப் போல்ட்டை நேரா வெக்க முடியலை அவரால. அதை எத்தனை தடவை எடுத்து எடுத்து வெச்சுப் பாத்தாரோ! மே மாசம் டாக்டர் எத்தனை நாளா கை நடுங்குதுன்னு கேட்டப்ப "இப்பத்தான் ரெண்டு நாளா"ன்னு சொன்னாரே, என்னை வெச்சுக்கிட்டே சொன்னாரே. பொய். ஏன் சொல்லலை? சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருக்கும். ஒண்ணும் மாறியிருக்காது, டாக்டரே சொன்னாரு ஒண்ணும் மாறியிருக்காதுன்னு. ஆனா ஒரு மாசம் நான் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேனே. நானும் கேக்கலை. கோப்பையை ரெண்டு கையால பிடிச்சா ஏன்னு கேக்கணுமா வேண்டாமா?

புகை போட்டேன். கல்லில் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். வெந்து போகிற அளவுக்கு.

நவம்பர் 25, புதன்

டேரில் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். வாசலில் காரைப் பார்த்தான், நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பார்த்தான். பொட்டியைக் கட்டச் சொல்லு பார்க்கலாம் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு படியில் நின்றேன் நான்.

"மாட்டிட்டியே," என்றான். "நல்லதும்மா."

முகம் விழுந்துவிட்டது. ஒரு நொடிதான், உடனே சிரித்தான். ஆனாலும் நான் பார்த்துவிட்டேன். ஜெயித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

நவம்பர் 27, வெள்ளி

நேற்று வான்கோழி, பூசணிக்காய் இனிப்பு, எல்லாம் நல்லபடி. இரண்டே பேருக்கு அவ்வளவு பெரிய பறவை. பேச்சு வானிலை பற்றி, ஆர்வோவின் இடுப்பு பற்றி, அப்புறம் மறுபடி வானிலை பற்றி.

இன்று காலையில் கிளம்பும்போது, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அங்க என் அபார்ட்மென்ட்ல சின்ன ரூமுக்குப் பெயின்ட் அடிச்சேன். இளமஞ்சள். உனக்குப் பிடிக்குமேன்னு... பரவாயில்லை, சாமான் போட்டு வெச்சுக்கறேன்."

நான் ஏதோ சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். கார் சாலைத் திருப்பத்தில் மறையும் வரைக்கும் கையாட்டினேன்.

நவம்பர் 28, சனி

மருமகள் அவனை விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் "எப்படிடா இருக்கே?" என்று கேட்கிறேன். "நல்லா இருக்கேன்" என்கிறான். நான் நம்பிவிட்டு டயர் கதை பேசுகிறேன்.

டிசம்பர் 1, செவ்வாய்

ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை. நானே போன் செய்தேன். பயந்துவிட்டான்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அந்த மஞ்சள் ரூம்ல சாமான் போட்டுட்டியா?"

"இல்லை. ஏன்?"

"போடாதே. அடுத்த வாரம் வர்றேன், மூணு வாரம் இருப்பேன். என் வண்டியிலதான் வருவேன், என் வண்டியிலதான் திரும்புவேன். கூட்டிட்டுப் போறேன் கொண்டு விடறேன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

டிசம்பர் 5, சனி

ஆர்வோ வேட்டையிலிருந்து வெறுங்கையோடு வந்து, கொட்டகையில் கிழிந்து கிடந்த கப்பைப் பார்த்து விசில் அடித்தார். "மான் கிடைக்கலை எனக்கு. நீ இங்க கரடியே அடிச்சிருக்கே!" அந்தப் போல்ட்டைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேட்டைக்காரத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் இல்லாத சனிக்கிழமைகளில் அவரே வந்து அடுப்பு மூட்டிக்கொள்வார், லெம்பியும் வருவாள் என்று ஏற்பாடு.

டிசம்பர் 9, புதன். மில்வாக்கி.

வந்து சேர்ந்தேன். நாள் முழுக்க ஓட்டினேன், வழியெல்லாம் பனி, வண்டி ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. அறை நன்றாகவே இருக்கிறது, ஜன்னல் ஓரத்தில் மட்டும் பெயின்ட் கண்ணாடியில் பட்டிருக்கிறது.

சாப்பாட்டு மேசைக்கு ஒரே ஒரு நாற்காலி. "நீ உக்காரும்மா, எனக்கு நின்னுட்டே சாப்பிட்டுத்தான் பழக்கம்" என்று பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக நின்று சாப்பிட்டான்.

டிசம்பர் 10, வியாழன்

வேலை முடிந்து வரும்போது அட்டைப் பெட்டியில் இன்னொரு நாற்காலி வாங்கி வந்தான். தனித்தனியாகக் கால், பலகை, ஒரு பை போல்ட். தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை என்று எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"டேரில், எப்படிடா இருக்கே?"

"நல்லா இருக்கே..."

"போன்ல சொல்ற பதில் வேண்டாம். என்னைப் பாத்துச் சொல்லு."

ஸ்பேனரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். பிறகு, "நல்லா இல்லைம்மா," என்றான். "ரொம்ப நாளாவே நல்லா இல்லை."

அப்புறம் சொன்னான். ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி, வெகுநேரம் சொன்னான். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. நான் நாற்காலியின் அடுத்த காலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஆறிப்போன சூப்பை மறுபடி சுட வைத்தேன்.